எந்த வலையில் பட்டது?

2025 ஜூன் 4

இன்று மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் கரைவலையில் (கரையிலிருந்து இழுக்கும் வலை) மீன் நன்றாகப் பட்டது. கீரி மீனும் சூடை மீனும்தான் அதிகம். என் சாப்பாட்டுக்கடையின் மதியச் சமையலுக்கு வேண்டியதை அங்கேயே எடுத்துவிட்டேன்.

கடைக்கு மீன் எடுக்கும்போது விலைக்கு முதல் நான் கேட்பது, எந்த வலையில் பட்டது என்றுதான். தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் வலை என்றால் வேண்டாம். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் அந்த வலைக்குத் தடை இருக்கிறது. இருந்தும் மட்டக்களப்பு வாவியில் விரிக்கிறார்கள், பட்டதை வாங்க ஆளிருப்பதால். தங்கூசி உக்காது. அறுந்து போனால் வாவிக்கரைச் சதுப்பில் நிற்கும் கண்ணாமர வேர்களில் சிக்கிக்கொண்டு, எடுப்பாரில்லாமல் மீனையும் நண்டையும் கொன்றபடி கிடக்கும். சாப்பாட்டுக்கடை நடத்தும் நாங்கள் எல்லோரும் அதை வாங்காமல் விட்டால் விரிக்கிறவர்கள் குறைவார்கள். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் நான் சொல்லத் தயார்.

ஜூன் 7

வாவி நண்டு கொண்டுவரும் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். கொழுத்த பெரிய நண்டுகள் கயிறு கட்டிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகின்றன. எங்களுக்கு வருவது மிச்சம். இன்றைய கூடையில் பாதி உள்ளங்கை அளவுகூட இல்லை. சினை பிடித்த பெண் நண்டுகளும் இருந்தன.

அதுதான் எனக்கு வலிக்கிறது. வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் பெண் நண்டு முட்டை பொரிக்க முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போயாக வேண்டும். குஞ்சுகள் பிறகு வாவிக்கே திரும்பி, கண்ணாமரத்தடியில் வளரும். இறாலுக்கும் ஏறக்குறைய இதே பயணம்தான். போகும் வழியிலேயே பிடித்தால் திரும்பி வர எது இருக்கும்?

சின்னதையும் சினையையும் எடுக்கமாட்டேன் என்றேன்.

"நீங்க எடுக்காட்டி அடுத்த கடையில எடுப்பாங்க புள்ள. சுனாமிக்குப் பிறகு தோணியும் கூடிப்போச்சு, வலையும் கூடிப்போச்சு. வாவி கூடல்லியே. நான் என்ன செய்ற?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சும்மா "பிடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆகவே பேசினோம். வலையை விட்டு, நண்டு பிடிக்கும் பொறிக்கூடு வைத்துப் பிடித்தால், அளவான நண்டுக்குச் சந்தை விலையைவிடக் கூட்டித் தருவேன், வாராவாரம் கட்டாயம் எடுப்பேன். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றும்போது கால் முறியும். கூட்டில் பட்டது முழுசாக இருக்கும், சின்னதை உயிரோடு திரும்ப விடவும் முடியும். "யோசிச்சுச் சொல்றன், மறுகா வாறன்" என்று போனார்.

ஜூன் 11

நேற்றுப் பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும். இரவு வள்ளத்தில் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கடையில் இன்று கூனிச் (மிகச் சிறிய இறால்) சம்பல், பருப்பு, முருங்கையிலைச் சுண்டல். மீனில்லையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கூனியும் கடல் தந்ததுதானே!

ஒருவர் கேட்டார்: "சின்ன நண்டு கூடாது என்றீங்க, கூனி மட்டும் சரியா?" நல்ல கேள்வி. கூனி முழுதாக வளர்ந்தாலும் அவ்வளவுதான். நெத்தலியும் அப்படித்தான், ஒரு வருடத்துக்குள் முட்டையிட்டுவிடும். கலவா மீன் அப்படியில்லை. முட்டையிடும் வயதுக்கு வரவே சில வருடங்கள் ஆகும். அநேக கலவா இனங்களில் மீன் முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரியதையே தேடிப் பிடித்தால் ஆண் மீன் குறைந்துபோகும். விருந்து வைக்கிறவர்களிடம் பெரிய கலவாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவருகிறேன். நெத்தலிப் பொரியலுக்கு என்ன குறை?

ஜூன் 15

வள்ளத்துத் தம்பிமாருக்கு ஐஸ் பெட்டி ஒன்று கொடுத்துவிட்டேன். சூரையும் கீரியும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாத பொருள் உண்டாகும். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு கடிக்கும். கெட்டுப்போனதால் எறிகிற மீனும் கடலிலிருந்து எடுத்த மீன்தான், அதுவும் வீணாகிறது.

ஜூன் 20

நண்டு அண்ணன் கூடுகளோடு போகத் தொடங்கிவிட்டார். இன்று கொண்டுவந்தது கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் அளவானவை. ஒன்றுக்கும் கால் முறியவில்லை. பேசிய விலையைக் கையில் கொடுத்தேன். அப்புறம் அவரே ஒரு விஷயம் சொன்னார்: கூடு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு ஆட்கள் தங்கூசி விரித்திருக்கிறார்களாம். கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அதை எழுப்பப் போகிறார். என்னையும் வரச் சொன்னார், வாங்குகிறவர் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் நல்லதாம். காத்தான்குடியில் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்போம், கடை வைத்திருக்கிறார்; அவரும் சின்ன நண்டு எடுப்பதில்லை என்று கேள்வி. கூட்டத்துக்கு முதல் அவரைப் பார்த்து, அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.