பாடிகோலின் கணுக்கால்

'பாடிகோல்' என்று ரசிகர்கள் அழைத்த அர்ஜென்டினா கால்பந்து வீரர் பாடிஸ்டுடா ஆடியதை யூடியூபில் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. 1993இல் அவர் ஆடிய இத்தாலிய கிளப் பியோரெண்டினா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அவர் பெரிய கிளப்புகளுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. கூடவே இருந்து மேலே கொண்டுவந்தார். அடுத்த சீசனில் 26 கோல், அதில் முதல் 11 ஆட்டங்களிலும் தொடர்ந்து!

2000இல் இன்னொரு இத்தாலிய கிளப்பான ரோமாவுக்கு மாறியபின் அதே பியோரெண்டினாவுக்கு எதிராக ஒரு கோல். என்ன அடி அது! சக வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்க, இவர் கண்ணீரோடு நிற்கிறார். அந்த சீசன் ரோமாவுக்கு லீக் பட்டம்.

ஓய்வுக்குப் பிறகு கணுக்கால் வலி. சில அடி தூரத்துக் கழிவறைக்குக்கூட நடக்க முடியாமல், காலை வெட்டிவிடச் சொல்லி மருத்துவரிடம் கெஞ்சியிருக்கிறார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.