7 நிமிடம் 40 விநாடி

“இன்னும் ஒரு நிமிடம் விட்டிருக்கலாமே, அம்மிணி.”

இதயப் பரிசோதனைக்காக நடந்துகொண்டிருந்த டிரெட்மில்லை நான் நிறுத்தியதும் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அன்று அவர்தான் நோயாளி, பரிசோதனையை நடத்தியவள் நான். குரலில் கோபமில்லை. கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன்.

2020 பிப்ரவரி, சிவராத்திரிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவருக்கு 71 வயது. அறுவை அரங்கில் இருந்த காலத்திலேயே விடுமுறை கிடைத்தால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் மிதித்து ஏறுவார். ஓய்வுபெற்ற பிறகும் வருடம் தவறாமல், கோவைக்கு மேற்கே இருக்கும் சிவன் மலையான வெள்ளியங்கிரி ஏறுவார். மகன் பிடிவாதம் பிடித்ததால்தான் பரிசோதனைக்கே வந்தார்.

கட்டத்துக்குக் கட்டம் வேகமும் ஏற்றமும் கூடும். மூன்றாவது கட்டம், 14 சதவீத ஏற்றம். வெள்ளியங்கிரி மேலிருக்கும் ஆண்டி சுனைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தார். முதல் சொம்பு தலையில் விழுந்ததும் மூச்சு நின்றுவிடுமாம், மூன்றாவது சொம்பில் உடம்பு சூடேறுமாம். நான் அந்த மலை ஏறியதில்லை. பெண்கள் ஐம்பது வயதைக் கடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வெள்ளியங்கிரி முழுவதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

திரையில், இதயத்துக்கு ரத்தம் போதுமா என்று காட்டும் இசிஜியின் எஸ்டி கோடு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மேல்நோக்கி எழும் சாய்வென்றால் பொதுவாக அவ்வளவு அஞ்சுவதில்லை. எனக்கு அது சமமாகக் கிடப்பதுபோலத் தெரிந்தது. நாடித்துடிப்பு 121. அவர் வயதுக்கு எட்ட வேண்டியது 127. மேற்பார்வை டாக்டர் பக்கத்து அறையில், கூப்பிடு தூரத்தில் இருந்தார். கூப்பிடவில்லை. 7 நிமிடம் 40 விநாடியில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அந்த அளவுக்கு நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, மனிதர் பேசிக்கொண்டே நடக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, “கோட்டைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்” என்பதுதான். அன்று அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆனால் அவர் மயங்கி விழுந்திருந்தால்? வெள்ளியங்கிரியில் நெஞ்சுவலி வந்து இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் செய்தது சரி என்றே சொல்லிக்கொள்கிறேன். பாதி மலையில் ஒருவர் சரிந்தால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க எத்தனை மணி நேரமாகும் என்று சொன்னவரும் அவர்தான்.

பரிசோதனை பாதியில் நின்றதால் முடிவு சந்தேகத்துக்குரியது என்று ரிப்போர்ட் போனது. வீட்டில் மலைக்கு விடவில்லை. மார்ச் நடுவில் ஆஞ்சியோ எடுத்தார்கள். சொல்லும்படியான அடைப்பு எதுவுமில்லை. “பங்குனி இருக்கிறதே, ஏறிக்கொள்கிறேன்” என்று போனில் சிரித்தார். அடுத்த வாரமே ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகு முழங்கால் விட்டுவிட்டது. அவர் மறுபடியும் ஏறவே இல்லை.

2023-ல் வீட்டில், தூக்கத்தில் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீ நிறுத்தியதால்தான் கண்ணு, இன்னும் மூன்று வருடம் எங்களோடு இருந்தார்.” ஆஞ்சியோவில் ஒன்றுமில்லை என்பது அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் நம்புகிறார். “ஆமாங்கம்மா” என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால், நானும் அதை நம்ப ஆசைப்பட்டுத்தான் தலையாட்டினேனோ என்று நினைக்கும்போது மனம் கூசுகிறது. அந்த மூன்று வருடமும் அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்ததாகவும் அந்த அம்மாவேதான் சொன்னார்.

அந்தப் பதிவு எங்கள் கணினியில் இன்னும் இருக்கிறது. கூட்டமில்லாத மதியங்களில் திறந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன். கோடு மேல்நோக்கித்தான் எழுகிறது என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுபடி பார்த்தால் சமமாகவே கிடக்கிறது. எட்டாவது நிமிடம் அதில் முடியவே இல்லை.