ஆட்சென்ஸ் பின் கடிதம்

தமிழ் இணையத்தளம் வைத்திருப்பவர்களே, ஆட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு பெறும் கூகள் சேவை) கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிசெய்ய வீட்டுக்கு 6 இலக்க பின் எண் தபாலில் வரும். நம்ம சிங்கப்பூரில் அது வராமல் போக ஒரு காரணம், முகவரியில் புளோக் எண்ணை மட்டும் போட்டு மாடி, வீட்டு எண்ணை விடுவது. 4 மாதத்துக்குள் பின்னைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

கூகள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. அதனால் அமெரிக்க வாசகர் வழி வரும் பணத்தில் 30% வரை வரிப் பிடித்தம் போகலாம். உள்ளூர் வாசகர் வழி வருவதில் அந்தப் பிடித்தம் இல்லை, படிவம் கொடுத்திருந்தால்.

இன்னொன்று: 2024 தொடக்கத்திலிருந்து கிளிக்குக்கு அல்ல, விளம்பரம் காட்டப்படுவதற்கே காசு. ஆனாலும் தன் தளத்தில் வரும் விளம்பரத்தைத் தானே தட்டினால் கணக்கு போச்சு. மாமா, சித்தி தட்டினாலும்தான்!