பொதிமாட்டுத் தடத்தில் ஆரியங்காவுக்கு

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. பரோட்டாவும் கோழியும் தின்னவே வண்டி கட்டி வருகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே எந்த எல்லையும் இல்லை. கேரளா இன்னும் மேற்கே, மலைமேல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி நம்மோடு வந்தது. ஆரியங்காவும் அச்சன்கோவிலும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. எல்லை மலையேறிப் போய்விட்டது. பெயர் மட்டும் மரமில்களுக்கும் பரோட்டாக் கல்லுக்கும் நடுவில் கீழேயே தங்கிவிட்டது.

இந்தப் பழைய எல்லையிலிருந்து கிளம்பி, இப்போதைய எல்லையைத் தாண்டி, ஆரியங்காவு வரை நடந்தே போகவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இருபது கிலோமீட்டருக்குள்தான் வரும். துணைக்கு மாமாவைக் கூப்பிட்டேன். இந்த மலைப்பாதையில் பல வருஷம் லாரி ஓட்டியவர். "ஏ மருமவனே, வண்டியில போனா முக்கா மணி நேரம். இதுக்குப் போயி கால் தேய நடக்கணுமாக்கும்?" என்றார். மறுநாள் விடியுமுன் எனக்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

மலைநடை என்றதும் கூடாரம், கயிறு, பனி என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது உயரமான கணவாய் இல்லை. உயரம் குறைவு என்பதால்தான் இத்தனை காலமாக எல்லோரும் இதன் வழியே போனார்கள். பாலக்காட்டுக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையை ரயில் கடக்கிற இடங்கள் இரண்டே இரண்டு: ஒன்று ஆரல்வாய்மொழி, மற்றது இது. ரயிலும் ரோடும் வருமுன் இங்கே சரக்கு சுமந்தது பொதிமாடு. முதுகின் இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, வரிசையாக மலை ஏறும். அங்கிருந்து மிளகும் ஏலமும் பாக்கும் கீழே இறங்கின; இங்கிருந்து தானியமும் துணியும் மேலே ஏறின.

அந்தத் தடம் இன்று தேசிய நெடுஞ்சாலை 744-இன் தாருக்கு அடியில் கிடக்கிறது. திருமங்கலத்தில் தொடங்கி கொல்லத்தில் முடிகிற சாலை. காட்டுக்குள் புகுந்து பழைய தடத்தைத் தேடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் வனத்துறையிடம் மாட்டிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் யானையிடம். ரோட்டோரமாகவே நடப்பதுதான் சரி. லாரிப் புகை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

செங்கோட்டையில் நின்றது கொஞ்ச நேரமே. ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையைப் பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரர். மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் அவர் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. செங்கோட்டைக்காரர் புனலூரில் வேலை பார்த்தால் ஊருக்கு வர இந்தக் கணவாயைத்தான் தாண்டவேண்டும். கொல்லம் – செங்கோட்டை ரயில் 1904-லேயே வந்துவிட்டதால் அவர் நடந்திருக்க வேண்டியதில்லை.

புளியரை வரைக்கும் சமதளம்தான். இரண்டு பக்கமும் வயல், தென்னை, எதிரே சுவர்போல மலை. ஆவணி பிறந்தும் சாரல் முழுசாக விடவில்லை. வெயில் அடிக்கும்போதே தூறலும் விழுந்தது. தென்காசிப் பக்கத்துக்குக் குற்றாலக் காற்று என்று பெயர் வாங்கித் தந்த தென்மேற்குப் பருவம் இந்த இடைவெளி வழியாகவும் எட்டிப் பார்க்கிறது. புளியரைக் கோவிலில் தட்சிணாமூர்த்தியைக் கும்பிட வியாழக்கிழமை கூட்டம் அள்ளும். நாங்கள் போனது வேறொரு நாள், சுருக்கமாக முடிந்தது.

புளியரை தாண்டியதும் ரோடு நிமிர்கிறது. சோதனைச் சாவடியில் ஒருவர் எங்களை நிறுத்தினார். "எங்க அண்ணாச்சி, நடந்து? பஸ்ஸு வருமே" என்றார். மாமா என்னைக் கைகாட்டி, "இவன்ட்ட கேளுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். "சாயங்காலத்துக்கு மேல ரோட்டுல நிக்காதீங்க" என்று சொல்லி எங்களைப் போகவிட்டார்.

எஸ் வளைவுக்கு வந்தபோதுதான் மாமா வாயைத் திறந்தார். லாரிக்காரர்களுக்கு இந்த வளைவு ஒரு பரீட்சை. பாரம் ஏற்றிய வண்டி மேலே ஏறும்போது எந்த இடத்தில் கியரைக் குறைக்கணும், எதிரே வருகிறவனுக்கு எங்கே வழி விடணும், மழையில் எந்தப் பக்கம் சறுக்கும் என்று அவர் காலால் அளந்து காட்டிக்கொண்டே நடந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்த ரோட்டை முதல் தடவை தரையிலிருந்து பார்க்கிறார். ஓரச்சுவரில் ஒரு பழைய உரசலைத் தடவி, "இது நம்ம வண்டி இல்ல" என்றார், கேட்காமலே.

அன்று ஓணத்துக்கு முந்தின வாரம். மேலே ஏறிய லாரிகளை எண்ணவே வேண்டாம், மணத்திலேயே தெரிந்தது: வாழைஇலைக் கட்டு, காய்கறி மூட்டை, பூக்கூடை. ஒரு லாரி வைக்கோலை ரோட்டின் அகலத்துக்கு அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. கேரளத்து மாட்டுக்கு நம் ஊர் வைக்கோல் போகவேண்டியிருக்கிறது. பொதிமாட்டைப் பற்றிப் புத்தகத்தில் தேடுகிறவர்கள் ஓண சமயத்தில் இந்த ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சரக்கு மாறவில்லை, சுமக்கிறதுதான் மாறியிருக்கிறது.

உச்சியில் கோட்டைவாசல். கருப்பசாமி கோவில் முன்னால் வண்டிகள் மெதுவாகின்றன. சிலர் இறங்கித் தேங்காய் உடைக்கிறார்கள், சிலர் ஓட்டியபடியே காசை வீசுகிறார்கள். மாமா இத்தனை வருஷமும் இந்தச் சாமியை இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கும்பிட்டவர். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, நிதானமாகக் கும்பிட்டார். சிதறுதேங்காய்க்கு எங்களைவிடக் குரங்குகளுக்கு அவசரம்.

தண்ணீரும் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே விழுந்த மழை சிற்றாற்றோடு போய்த் தாமிரபரணியில் சேரும். மேற்கே விழுந்தது கல்லடை ஆறாகி அஷ்டமுடிக் காயலுக்குப் போகும். இறங்கத் தொடங்கியதுமே மரங்கள் நெருங்கி, ரோடு நிழலுக்குள் போய்விட்டது. பலகைகளில் எழுத்து மாறியது. தண்டவாளம் நமக்குத் தெரியாமல் குகைக்குள் புகுந்து மலையைக் கடக்கிறது. 2010-இல் மீட்டர்கேஜ் நின்று, அகலப்பாதையாகி 2018-இல்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. ஏற்றத்துக்காக முன்னாலும் பின்னாலும் எஞ்சின் மாட்டியிருப்பார்கள். அதன் இரைச்சல் மட்டும் காட்டுக்குள்ளிருந்து ஒருமுறை கேட்டது.

ஆரியங்காவு கோவில் ரோட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, படியிறங்கிப் போகணும். இந்த அய்யப்பன் கோவிலின் கதையே வியாபாரிக் கதைதான். மதுரையிலிருந்து சௌராஷ்டிரப் பட்டு வியாபாரி ஒருவர் திருவிதாங்கூர் அரண்மனைக்குச் சரக்கு கொண்டுபோகிறார். கூட வந்த மகள் புஷ்கலை. அதற்கு அப்பால் காடு பயங்கரம் என்பதால் மகளை ஆரியங்காவில் மேல்சாந்தியின், அதாவது தலைமை அர்ச்சகரின், பொறுப்பில் விட்டுப் போகிறார். வழியில் யானை விரட்ட, ஒரு வேடன் காப்பாற்றுகிறான். நன்றிக்கு ஒரு பட்டுத்துணியைக் கொடுக்கிறார். திரும்பி வந்தால் மகள் இல்லை, அய்யனோடு கலந்துவிட்டாள். வேடனுக்குக் கொடுத்த பட்டு அய்யன் மேல் கிடக்கிறது. டிசம்பர் கடைசியில், மண்டல பூஜையை ஒட்டி இங்கே திருக்கல்யாணம். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண்வீட்டாராகச் சீர் கொண்டு வருகிறார்கள். கோவிலை நிர்வகிக்கிற தேவஸ்வம் மாப்பிள்ளை வீடு. முதல்நாள் பாண்டியன் முடிப்பு என்று ஒரு சடங்கும் உண்டு. ஒரு வியாபாரப் பாதையை ஞாபகம் வைத்துக்கொள்ள, இதைவிட நல்ல வழியை நான் எங்கேயும் பார்க்கவில்லை. நெடுஞ்சாலைத் துறைப் பலகையில் இதெல்லாம் வராது.

படிக்கட்டில் உட்கார்ந்து காலை நீட்டியபடி இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கோவில் ஊழியரிடம் போனார்.

"கல்யாணத்தன்னைக்கு சாப்பாடு உண்டா?"

"உண்டு. எல்லாருக்கும் உண்டு."

"சரி மருமவனே, மார்கழில வருவோம்" என்றார் மாமா. "பஸ்ஸுல."