கோப்பு தொலைந்தால் முதலில் கேட்கக் கூடாத கேள்வி

பதிப்பகம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் எனக்கு வேலை. கணினிகளைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான். கோப்பு ஏதாவது காணாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் உடனே கூப்பிட மாட்டார்கள். அதற்கு முன்பே ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கும். "கடைசியாக இந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தது யார்?" என்று தொடங்கி, ஆளாளுக்கு மறுத்து, நான் போய்ச் சேரும்போது அறையே வாயை மூடிக்கொண்டிருக்கும். எனக்கு வேண்டியதோ அவர்கள் வாயைத் திறப்பது.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை நீக்கினால் அதன் உள்ளடக்கம் அப்போதே அழிவதில்லை. அந்த இடம் காலி என்று கணினி குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழையது கிடக்கும். ஆகவே கோப்பு எப்படிப் போனது என்பதைவிட, போன பிறகு அந்தக் கணினியில் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இணையத்தைத் திறந்தாலே தற்காலிகக் கோப்புகள் வந்து விழும். பயந்துபோன மனிதர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார். எதையாவது செய்வார், செய்ததைச் சொல்லவும் மாட்டார்.

எங்கள் மூத்த வடிவமைப்பாளர் ஒருவர், இடம் போதவில்லை என்று பழைய கோப்புறைகளை ஷிப்ட் விசையோடு சேர்த்து நீக்கினார். அப்படி நீக்கினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அதில் அச்சுக்குப் போக வேண்டிய ஒரு கட்டுரைத் தொகுப்பின் வேர்ட் கோப்புகளும் இருந்தன. வைரஸ் வேலையாக இருக்கும் என்று அலுவலகம் பேசிக்கொண்டது. அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் கணினியை அணைத்துவிட்டு அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். "அண்ணே, யார் அழித்தது என்பது எனக்கு வேண்டாம். அதற்குப் பிறகு இதில் என்ன செய்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். டம்ளர் காலியாகும்வரை பேசவில்லை. பிறகு, "மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டேன், தம்பி. கிடைத்ததை அதே டிரைவிலேயே சேமித்தேன்" என்றார்.

மீட்க முயன்றதே பாதியைத் தின்றிருந்தது. மென்பொருளை நிறுவியபோது கொஞ்சம், மீண்ட கோப்புகள் காலியிடத்தில் போய் உட்கார்ந்தபோது இன்னும் கொஞ்சம். அவர் உண்மையைச் சொன்னதால்தான், அவர் மீட்டுச் சேமித்தவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றியது. இரண்டு கட்டுரைகள் அதில் முழுதாக இருந்தன.

அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது படங்களை மட்டுமல்ல, ஆவணங்களையும் மீட்கும். ஆனால் கோப்பின் பழைய பெயரைத் தராது. எண்களால் ஆன பெயர்களோடு ஒரு பெருங்கூட்டம் வந்து நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டும் எழுத்துரு அது. நான் வேலை செய்த கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி (;) விசைதான். எனவே அரைப்புள்ளிகள் மழையாகப் பொழிந்திருக்கும் கோப்பெல்லாம் தமிழ்க் கோப்பு, மற்றவை ரசீதும் கடிதமும் என்று பிரித்துக்கொண்டேன். எழுத்துருவை நிறுவியதும் தமிழ் எழுந்து வந்தது. எழுத்துரு மாறினாலும் தமிழைத் தமிழாகவே வைத்திருக்கும் யுனிகோடு முறையை 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற பிறகும் அச்சுத் துறை பழைய எழுத்துருக்களை எளிதில் விடவில்லை என்பதால், இந்தத் தொல்லை எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் இப்போது வரும் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகமாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. நீக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் மீட்க முடியாது. ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று ஒலித்தால் எந்த மென்பொருளையும் ஓட்டக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நிபுணரிடம் கொடுப்பது ஒன்றே வழி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நனைந்த கணினிகளை வெயிலில் காயவைத்து இயக்கிப் பார்த்தவர்களை அறிவேன். வெள்ளம் விட்டுவைத்ததை மின்சாரம் முடித்துவைத்தது.

மீதிக் கட்டுரைகள் எந்த வட்டிலிருந்தும் வரவில்லை, மனிதர்களிடமிருந்து வந்தன. தட்டச்சு செய்து கொடுத்த அக்காவின் பென் டிரைவில் மூன்று இருந்தன. ஒன்று, தொகுப்பாசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பில் இருந்தது. மெய்ப்புப் பார்ப்பவர் வீட்டில் சிவப்பு மை திருத்தங்களோடு அச்சுத்தாள் கட்டு ஒன்று பரணில் கிடந்தது. அதை வைத்து மீண்டும் தட்டச்சு செய்தோம். கேட்டால் எல்லாரும் உதவுகிறவர்கள்தான், ஆனால் 'யாரோ அழித்துவிட்டார்கள், விசாரிக்கிறார்கள்' என்ற பேச்சு வெளியே போயிருந்தால் அந்த அக்கா பென் டிரைவை வெளியே எடுத்திருப்பாரா என்பது சந்தேகம். ஏனென்றால், தட்டச்சு முடிந்ததும் தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் நிர்வாகத்தின் விதி.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையைக் கொடுத்து, இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் எஞ்சியது. அன்றாடக் காப்புப் பிரதியைத் தேடினால் அது காலி. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய பகுதி. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், நடந்த அத்தனையையும் எழுதி வெளியிட்டார்கள், பொறியாளரின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் நிர்வாகத்திடம் நேரலை கேட்க எனக்குத் துணிவில்லை. காப்புப் பிரதியைச் சோதிக்க மட்டும் அனுமதி வாங்கினேன். இப்போது சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் காப்பு வட்டிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, வேறு கணினியில் திறந்து, ஒரு பக்கம் அச்சிட்டு என் மேசையில் வைக்க வேண்டும். முதல் முறையே பக்கம் முழுக்க அரைப்புள்ளிகளாக அச்சாகி வந்தது. கோப்புகளைப் பிரதி எடுத்தவர்கள் எழுத்துருக்களை எடுத்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு புத்தகத்தின் கோப்புறைக்குள்ளும் அதன் எழுத்துருவும் சேர்ந்தே போகிறது.