அடுத்த மேசைக்குப் போன கோப்பு

தணிக்கைக்கு முந்தைய மாலை எப்படி இருக்கும் என்று மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தராசுப் பதிவேட்டில் ஒரு நாளுக்கு மட்டும் ‘சரிபார்த்தவர்’ கட்டம் காலி. அன்று நான் பணியில் இருந்தேன், ஆனால் அந்த எடையை நான் பார்க்கவில்லை. மேலாளர் பக்கத்தைத் திறந்து வைத்து, “அன்னைக்குத் தேதி போட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்” என்றார்.

“என் விசுவாசத்துக்கு இது ஒத்துவராது சார்” என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. “சரி, உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கோப்பை அடுத்த மேசைக்கு எடுத்துப் போனார். அங்கிருந்த தம்பி கையெழுத்துப் போட்டான். தணிக்கையில் யாரும் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை.

பிறகு ஒருநாள் அவன் கேட்டான்: “தப்புன்னா தப்புன்னே சொல்லியிருக்கலாமே அண்ணே. உங்க சாமிக்கு ஆகாதுன்னு சொன்னா, எனக்கு ஆகும்னுதானே அர்த்தம்?”

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது.

‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ சொல்லச் சொல்கிறது வேதாகமத்தில் மத்தேயு 5-ஆம் அதிகாரம். எங்கள் துறையின் ஆல்கோவா கொள்கையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது: பதிவு யாருடையது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், செய்தபோதே எழுதியிருக்க வேண்டும், மூலமாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். வேதத்தைத் திறக்காத ஒருவரும் அன்று மறுத்திருக்கலாம். விதியைச் சொல்லியிருந்தால் அது அந்த அறையில் இருந்த எல்லோரையும் கட்டியிருக்கும். விசுவாசம் என்றதும் அது என் சொந்த விஷயமாகிவிட்டது. இவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாது, வேறு ஆளுக்குக் கொடு என்பது மாதிரி.

ஆனால் விதியை மட்டும் சொல்லியிருந்தால்? மனுஷர் முன்பாக அறிக்கை பண்ணுவதைப் பற்றி மத்தேயு 10 பேசுகிறதே. உண்மையான காரணத்தை மறைத்து வசதியான காரணத்தைச் சொல்வதும் ஒரு வகையில் பொய்தானே? மேலாளரிடம் நான் சொன்னது உண்மை. என் கையைக் கட்டிப்போட்டது ஆல்கோவா இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. தானியேல் என்றாலே பிரசங்கத்தில் சிங்கக் கெபிதான். முதல் அதிகாரத்தில் ராஜாவின் போஜனத்தை அவன் மறுக்கும் விதம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பிரதானிகளின் தலைவன், ராஜாவால் என் தலை போய்விடுமே என்கிறான். தானியேல் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்கிறான். மறுப்போடு ஒரு வழியும் இருக்கிறது. என் மறுப்பில் அது இல்லை. டீவியேஷன், அதாவது முறை தவறியதைப் பதிவு செய்யும் அறிக்கை, ஒன்று எழுதி, இந்த நாள் சரிபார்ப்பு நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் முறை. மறுநாள் தணிக்கை என்னும்போது திறந்து கிடக்கும் டீவியேஷனை எந்த மேலாளர் விரும்புவார்? விரும்பியிருக்க மாட்டார்தான். ஆனாலும் படிவத்தை எடுத்து மேசையில் வைக்க எனக்கு யார் தடை?

அந்தத் தம்பி சின்னப் பிள்ளை இல்லை, பேனாவைப் பிடித்தது அவன் கை, அதற்கும் நானா பொறுப்பு என்று சில நேரம் கோபமும் வருகிறது. அது நியாயமான கோபம்தான் என்றே நினைக்கிறேன். ஆனால் வேலைக்குப் புதிதாக வந்தவன் ‘மாட்டேன்’ என்றால் என்ன ஆகும் என்பதும், என் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை அவனுக்குக் கிடைத்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் அந்த மாதிரிப் பக்கங்கள் என் மேசைக்கு வருவதே இல்லை. மேலாளர் என் மனசாட்சியை மதிக்கிறார் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். எந்தப் பக்கம் யாரிடம் போகிறது என்பது இப்போது எனக்குத் தெரிவதில்லை.