வெங்காய வேரும் வெள்ளைக்கண் ஈயும்

இளங்கலை மரபியல் ஆய்வகத்தில் நான் நடத்தும் முதல் பாடம் வெங்காய வேர்தான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வெங்காயத்தை வேர்விட வைத்து, நுனியை நறுக்கி, அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மின் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் செல்கள் சுருண்டுவிடும். நேற்று ஒரு மாணவி நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை. ஒரு செல்லில் சிதறிக் கிடந்த குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளை எண்ணி, "மேடம், சரியாக 16!" என்று கூவினாள். வெங்காயத்துக்கு உரிய எண்ணிக்கை அதுதான். எனக்கும் மெய்சிலிர்த்துவிட்டது. புத்தகப் படத்தைப் பார்த்து வரைவதை நான் ஏற்பதே இல்லை. கண்ணால் கண்டதை வரையட்டும், கோணலாக இருந்தாலும் சரி.

அடுத்தது பழ ஈ. 25 டிகிரியில் சுமார் 10 நாளில் ஒரு தலைமுறை. வெப்பம் 30 டிகிரியில் நீடித்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். நம் ஊர்க் கத்திரி வெயிலை நம்ப முடியுமா? மார்கழியிலேயே, வேறுபட்ட ஈக்களை இணைசேர்த்துக் குஞ்சுகளின் பண்புகளைப் பார்க்கும் கலப்புச் சோதனையைத் தொடங்கிவிடுவோம். வழக்கமான சிவப்புக்கண் ஈக்களிடையே 1910இல் அமெரிக்க மரபியலாளர் மார்கன் கண்ட அந்த வெள்ளைக்கண் ஈ வகையிலிருந்து!